காற்றடிக்கும் கரைக்கு ஒரு கோல்ப் பயணம்

ஒரே வாங்கிலிருந்து கற்றவர்கள் பின்னாளிலே பல தேசங்களிற் பிரிந்து வாழ்தல் இக்காலத்து இயல்பாகிவிட்டது. உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்ற பின்னர், பழைய சிநேகிதருடன் சில நாட்களையேனும் ஒருங்கு கழிக்க வேண்டுமென்னும் ஆசை அவர்களுக்கு மேலிடுகின்றது. மண்டபமொன்றில் ஓரிரவு விருந்துண்டு பிரிவதினும், நான்கைந்து நாள் ஓரிடத்தே தங்கி, நடந்தும் விளையாடியும் உரையாடியும் வருதல் மேலானதென்று கருதுவோர் பலர். அவருட் சிலர் கோல்ப் விளையாட்டை நாடுகின்றனர். அறுபது வயதைக் கடந்தவரும் அதனை ஆடலாம். வல்லவரும் புதியவரும் ஒரே ஆட்டத்திற் சேர்ந்து ஆடலாம். ஓரடிக்கும் மறு அடிக்கும் இடையே பேசுவதற்கு வேண்டிய அவகாசமும் உண்டு.

ஆயினும், இத்தகைய பயணங்களால் நட்பு வளர்தல் போலவே நட்பு முறிதலும் உண்டு. செலவுக் கணக்கிலே தோன்றும் ஐயம், ஓயாத தோல்வியால் வரும் சோர்வு, உடன் நடக்க இயலாது பின்தங்குபவரின் மனவருத்தம் ஆகியன நாற்பதாண்டு நட்பையும் குலைக்க வல்லன. இவை பெரும்பாலும் முன்னேற்பாட்டின் குறையால் விளைவன. காற்று மிக்க கரையோரத்துக்குச் செல்வோர்க்கு அம்முன்னேற்பாடு இருமடங்கு வேண்டும். அதனை எங்ஙனம் செய்தல் வேண்டுமென்பதை, ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலுள்ள பாண்டன் டியூன்ஸ் என்னும் இடத்தை உதாரணமாகக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

இடம்

பசிபிக் சமுத்திரக் கரையிலே, கொக்கில் ஆறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த சிற்றூர் பாண்டன். அயர்லாந்திலிருந்து 19ஆம் நூற்றாண்டிற் குடியேறிய ஜோர்ஜ் பெனெற் என்பவர் தம் தாயகத்து ஊரொன்றின் பெயரை அதற்கு வழங்கச் செய்தார். அவர் அங்கே கொணர்ந்த மற்றொன்று கோர்ஸ் என்னும் முட்செடி. மஞ்சட் பூப் பூத்துக் கண்ணுக்கு இனிதாயினும், எண்ணெய்ப்பசை மிக்க அச்செடி எளிதிற் பற்றியெரிவது. 1936 செப்டெம்பரிலே காட்டுத்தீயொன்று காற்றொடு கூடிவந்து, ஊரெங்கும் மண்டியிருந்த கோர்ஸைப் பற்றிக்கொள்ள, பாண்டன் ஏறக்குறைய முழுவதும் எரிந்தழிந்தது.

ஊருக்கு வடக்கேயுள்ள மணற்குன்றுகளில் அச்செடி பின்னரும் அடர்ந்து கிடந்தது. வாழ்த்துமடல் வியாபாரத்திற் பொருளீட்டிய மைக் கைசர் என்பவர் அந்நிலத்தை வாங்கி, ஸ்கொட்லாந்துக் கடற்கரைகளில் ஆடப்படுவது போன்ற ஆட்டத்தை அங்கே நிறுவ எண்ணி, டேவிட் மக்லே கிட் என்னும் ஸ்கொட்லாந்து இளைஞரைக் கொண்டு மைதானமொன்றை அமைப்பித்தார். அது 1999 இல் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து பசிபிக் டியூன்ஸ் 2001 இலும், பாண்டன் ட்ரெயில்ஸ் 2005 இலும், ஓல்ட் மக்டொனால்ட் 2010 இலும், ஷீப் ராஞ்ச் 2020 இலும் திறக்கப்பெற்றன. ஐந்தும் 18 குழிகளையுடையன. இவற்றுள் ட்ரெயில்ஸ் மட்டும் கடலை விட்டு உள்வாங்கி, மரச்செறிவினூடே செல்வது. ஷீப் ராஞ்சோ காற்றுக்கு நேர்முகமாய்க் கிடப்பது. காற்று மணலை வாரிக்கொண்டு போய்விடுமாதலால், மற்றை மைதானங்களிற் காணப்படும் மணற்பள்ளங்கள் அங்கே அமைக்கப்படவில்லை.

காற்றின் இயல்பு

நம் முன்னோர் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டு வாடை, தென்றல், கொண்டல், கோடை என வழங்கினர். சோளகம் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும் என்றறிந்தே யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளர் தோணியை இறக்குவர். பாண்டனுக்குச் செல்வோரும் அங்ஙனமே அறிந்து செல்லல் வேண்டும். அங்கும் ஆண்டிலே இரு காற்றுக் காலங்கள் உள்ளன. கோடைகாலத்திலே சமுத்திரத்தின்மேல் உயரமுக்கம் நிலைபெற்றிருக்க, உள்நாட்டு நிலம் வெயிலாற் சூடேறித் தாழமுக்கம் உண்டாகின்றது. ஆதலின் வடக்கிலும் வடமேற்கிலுமிருந்து காற்றுக் கரையோரமாக வீசுகின்றது. காலையில் மெல்லெனத் தொடங்கிப் பிற்பகலில் வலுக்கின்றது. அக்காற்று மேற்பரப்பு நீரைக் கரையினின்றும் அகற்ற, ஆழத்திலுள்ள குளிர்நீர் மேலெழும். யூலை மாதத்திலும் அங்கே குளிரும் மூடுபனியும் உண்டாவது இதனாலேயே. மாரியிலோ தாழமுக்கப் புயல்கள் கடலினின்றும் வந்து சேர, தெற்கிலிருந்து மழையோடு கூடிய காற்று வீசும். எனவே, கோடையில் எதிர்க்காற்றில் ஆடும் குழியை மாரியிற் பின்காற்றில் ஆட நேரிடும்.

எதிர்க்காற்றினால் நாம் இழக்கும் தூரத்தைப் பின்காற்று முழுவதும் ஈடுசெய்வதில்லை. வளித்தடையானது பந்துக்கும் வளிக்குமிடையேயுள்ள சார்புவேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. மேலும், பின்முகமாகச் சுழன்று செல்லும் பந்தை எதிர்க்காற்று உயரத் தூக்கிவிட, அது வேகம் இழந்து விழுந்துவிடும். பின்காற்றுத் தடையைக் குறைக்குமாயினும், அத்தூக்குவிசையையும் உடன் குறைத்துவிடும். ஆடுவோர் கைக்கொள்ளும் குத்துமதிப்பான கணக்கொன்றுண்டு. எதிர்க்காற்றின் வேகம் மணிக்கு எத்தனை மைலோ, தூரத்திலே நூற்றுக்கு அத்தனை பங்கு கூட்டல் வேண்டும். பின்காற்றாயின் அதிற் பாதியைக் கழித்தல் வேண்டும். இக்கணக்கின்படி, 20 மைல் எதிர்க்காற்றில் 150 யார் தூரம் 180 யாராகும். அதே வேகமுள்ள பின்காற்றில் 135 யாராகும். பலமாக அடித்தாற் சுழற்சியும் மிகுமாதலால், காற்றை வலிமையால் வெல்ல முயலுதல் வீண். தூரம் செலுத்தும் மட்டையை எடுத்து, மெல்ல அடித்து, பந்தைத் தாழ ஓட்டுவதே தக்கது. மணற்பாங்கான அந்நிலம் இறுகியிருத்தலால், பந்தை உருட்டியும் குழியை அணுகலாம். முதியவர் இளையவருக்கு ஈடுகொடுக்கக்கூடிய இடம் இது.

காலமும் வழியும்

பாண்டனில் யூன் மாதத்துப் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேற்பட்டது. டிசெம்பர் மாதத்துப் பகல் ஏறக்குறைய 9 மணித்தியாலம். கோடையிலே கட்டணம் மிகுதி, இடமும் அரிது, ஓராண்டுக்கு முன்னரே பதிந்துகொள்ளல் நலம். மாரியிலே கட்டணம் குறைவு, மழை மிகுதி. எக்காலத்திற் சென்றாலும், கடலோர மைதானங்களைக் காலையிலும், மர மறைவுள்ள ட்ரெயில்ஸைக் காற்று வலுக்கும் பிற்பகலிலும் ஆடுமாறு ஒழுங்கு செய்தல் அறிவுடைமை.

அண்மையிலுள்ள நோர்த் பெண்ட் விமானநிலையம் ஏறக்குறைய 25 மைல் தொலைவில் உள்ளது, அது சிறியது, விமானங்களும் சிலவே. போர்ட்லண்ட் நகரில் இறங்குவோர் ஏறக்குறைய 250 மைல் மோட்டார் வண்டியிற் செல்லவேண்டும். பல நாடுகளினின்றும் வருபவர் ஒரே வேளையில் வந்து சேர்தல் அரிதாகையால், வந்திறங்கும் நாளில் ஆட்டம் வையாது விடுதல் நன்று. ஒருவர் வருமுன் மற்றவர் ஆடத் தொடங்கினால், மனக்குறை முதல் நாளிலேயே முளைத்துவிடும்.

நடை

இம்மைதானங்களில் நடந்தே ஆடுதல் வேண்டும். அங்கவீனம் முதலிய காரணமுடையோர்க்கே வண்டிக்கு அனுமதியுண்டு. அதற்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்டல் வேண்டும். 18 குழிகளையும் ஆடி முடிக்க 5 அல்லது 6 மைல் நடக்க வேண்டும். 4 முதல் 5 மணித்தியாலம் வரை செல்லும். ஒரே நாளில் இருமுறை ஆடுவோர் காற்றை எதிர்த்து 10 மைலுக்கு மேல் நடப்பர். கால்நோவோ இதயநோயோ உள்ள நண்பர் கூட்டத்தின் நடுவே அதனை வாய்திறந்து சொல்லார். “என்னால் ஆகாது” என்று மட்டும் எழுதி, வராமலே நின்றுவிடுவார். ஆதலால் ஏற்பாட்டாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்து, மிக மெல்ல நடப்பவருக்கு ஏற்றவாறே நாட்களை வகுத்தல் வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் ஆட்டமே போதும். வேண்டுவோர் பிற்பகலிற் குறுந்தூர மைதானங்களை நாடலாம்: 2012 இல் திறக்கப்பட்ட பிரிசேர்வ் 13 குறுங்குழிகளையுடையது, 2024 இல் திறக்கப்பட்ட ஷோர்ட்டீஸ் 19 குறுங்குழிகளையுடையது. பஞ்ச்போல் என்னும் பரந்த புற்றரையிலே பந்தை உருட்டி மட்டும் ஆடலாம். நடக்க மாட்டாதவரும் அங்கே மாலையில் நண்பரோடு கூடியிருக்கலாம். மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டும் துணைவரை அமர்த்தினால் முதியோரின் சிரமம் பாதியாகக் குறையும்.

புள்ளிக் கணக்கு

காற்றிலே ஒரு குழிக்குப் பத்து அடியும் ஆகலாம். எல்லா அடிகளையும் கூட்டிக் கணக்கிடும் முறையில், ஒரு குழியிற் கெட்டவருக்கு அன்றைய நாளே கெட்டுவிடும். இவ்விடரைத் தீர்க்கும் முறையும் காற்றுமிக்க கடற்கரையொன்றிலேயே வழக்குக்கு வந்தது. லிவர்பூலுக்கு அருகேயுள்ள வாலசி மைதானத்தில், மருத்துவர் பிராங்க் ஸ்டேபிள்போர்ட் வகுத்த முறைப்படி 1932 இற் போட்டியொன்று நடைபெற்றது. ஒரு குழிக்கு விதித்த அடிகளில் முடித்தவருக்கு 2 புள்ளி. ஓரடி கூடினால் 1. ஓரடி குறைந்தால் 3. இரண்டடியோ அதற்கு மேலோ கூடினாற் புள்ளியில்லை. பத்து அடி அடித்தவரும் அக்குழியை மறந்து, அடுத்த குழியைப் புதிதாகத் தொடங்கலாம். நண்பர் குழுவுக்கு இதனினும் ஏற்ற முறை இல்லையென்பது எமது கருத்து.

திறமைக்கேற்ப அவரவருக்குக் கழித்துக் கொடுக்கும் அடிகளை ‘ஹண்டிகப்’ என்பர். முன்னர் நாட்டுக்கு நாடு வேறுபட்ட கணக்கு முறைகள் வழங்கின. அவை 2020 இல் உலகப் பொதுமுறையாக ஒன்றாக்கப்பட்டன. எனவே கனடாவிலிருந்து வருபவரும் அவுஸ்திரேலியாவிலிருந்து வருபவரும் இன்று ஐயமின்றி ஒருங்கே ஆடலாம். காற்றுப் பற்றிய விதியொன்றையும் முன்னரே அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். குழியைச் சூழ்ந்த பசுந்தரையிலே பந்தை எடுத்து மீள வைத்த பின்னர் காற்று அதனை நகர்த்துமாயின், முன் இருந்த இடத்திலேயே வைத்தல் வேண்டும். எடுக்காத பந்தை நகர்த்துமாயின், புதிய இடத்திலிருந்தே ஆடல் வேண்டும். இது 2019 முதல் உள்ள விதி. இதனை அறியாமையால் எழும் வாக்குவாதங்கள் பல.

பணமும் உடையும்

செலவு பற்றிய பேச்சை நாணத்தால் ஒத்திவைத்தல் தவறு. தங்குமிடம், ஆட்டக் கட்டணம், துணைவர் கூலி, உணவு, வண்டி ஆகியவற்றை வெவ்வேறாக எழுதி, பதிவுசெய்யும் முன்னரே எல்லோருக்கும் அனுப்புதல் வேண்டும். வசதி குறைந்தவருக்குத் தக்க அளவினதாகவே செலவை அமைத்தல் முறை. பொதுப்பணத்தை ஒருவர் வைத்துக்கொண்டு, இரவுதோறும் கணக்கை வாசித்துவிட வேண்டும். பயண நாள் நெருங்கியபின் ஒருவர் நோயால் விலக நேர்ந்தால் அவர் கட்டிய பணத்துக்கு என்ன செய்வதென்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும்.

பெட்டியிலே கம்பளிச் சட்டை, நீர்புகா மேலாடை, இரு சோடி சப்பாத்து, மிகையான காலுறைகள், காற்றில் பறவாத தொப்பி ஆகியன இருத்தல் வேண்டும். அக்காற்றிற் குடை பயன்படாது. கோர்ஸ் முட்புதரினுட் சென்ற பந்தைத் தேடிப் புகுதலும் ஆகாது. கையிற் குருதியோடு வெறுங்கையராகவே மீளவேண்டும்.

இத்தனை ஏற்பாடு செய்த பின்னும், ஒரு நாளைக்கு எவ்வித ஆட்டமும் குறிக்காது விடுதல் வேண்டும். அந்நாளிற் புயல் வரலாம், யாரேனும் களைத்திருக்கலாம், அல்லது எல்லோரும் சாளரத்தருகே அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு, மறைந்த ஆசிரியர்களைப் பற்றியும் இன்று நம்மோடு இல்லாத வகுப்புத் தோழர்களைப் பற்றியும் பேசவும் விரும்பலாம். எழுபதை அணுகிய நண்பர் பன்னிருவர் ஒருமுறை கூடினால், அடுத்த முறையும் பன்னிருவரும் வருவரென்பது நிச்சயமன்று. ஆகவே யார் வென்றார் என்பதினும், அழைக்கப்பட்ட யாவரும் வந்தனரா, வந்த யாவரும் மனநிறைவோடு வீடு திரும்பினரா என்பதே ஏற்பாட்டாளர் கருத்திற்கொள்ள வேண்டியது. எம் கல்லூரிப் பழைய மாணவருள் இத்தகைய பயணத்தை எண்ணியிருப்போர் இவ்வாண்டிலேயே அதற்கான முதற் கடிதத்தை எழுதுவாராக.