ஓமத்திடம் தோற்ற விஷம்!

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றால், கடலைப் பொட்டலம் வாங்காமல் தப்பிக்க முடியாது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு பருப்பை வாயில் போட்டவர், "த்தூ! சொத்தைக் கடலை தம்பி, கசக்குது!" என்று துப்பினார்.

துப்பியது மகா புண்ணியம்!

ஈரக் கடலையில் 'ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்' என்று ஒரு பூசணம் குடியேறும். பச்சையும் மஞ்சளுமாகப் பொடி பூத்தாற்போல இருக்கும். பூசணத்தைத் தட்டிவிடலாம். அது கக்கிவைக்கிற 'அஃப்ளடாக்ஸின்' விஷத்தைத் தட்ட முடியாது. வறுத்தாலும் அவித்தாலும் முழுசாகப் போகாது. ஈரலில் கை வைத்து, நாள்பட்டால் புற்றுநோய் வரை இழுத்துவிடும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் மர்மமாகச் செத்து விழ, துப்புத் துலக்கினால் பிரேஸிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

"அதான் சொத்தையைப் பொறுக்கிடறோமே?" என்பீர்கள். பொறுக்கினது எங்கே போகிறது? செக்குக்கு! புண்ணாக்கு மாட்டுக்கு. மாடு அந்த விஷத்தில் ஒரு பங்கை மாறுவேஷத்தில் பாலில் இறக்கிவிடுகிறது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எடுத்த பால் சர்வேயில், தமிழ்நாட்டு மாதிரிகள் 551-ல் 88-ல் இது அளவுக்கு மேல் இருந்தது. எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதல்! கடலையைக் கடிக்கப் பல்லே முளைக்காத குழந்தைக்கும் பங்கு போகிறது. (பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று புரிகிறது. நஷ்டத்தை வேறு லெட்ஜரில் எழுதிவிட்டால் நஷ்டம் தீர்ந்துவிடுமா?)

இங்கேதான் பாட்டி வைத்தியம் உள்ளே நுழைகிறது. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஓமச் சாற்றில் இந்த விஷத்தைக் கலந்து பார்த்தார்கள். சுத்திகரித்த சாறு, நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சிதைத்துவிட்டது! 2010-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானது. அடுத்து ஆடாதோடை. இருமலுக்குக் கஷாயம் வைப்போமே, அதே இலைதான். 37 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் வைத்ததில் 98 சதவிகிதம் காலி என்று 2014-ல் எழுதினார்கள். உடனே ஓம டப்பாவைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடாதீர்கள். ஜெயித்தது சோதனைக் குழாயில். மூட்டைக் கடலை வேறு சமாசாரம்.

பூசணத்தை விரட்ட வேப்பெண்ணெய் என்பது நமக்குப் பழசு. அதற்கே 1994-ல் ஒரு அமெரிக்கக் கம்பெனியும் அந்நாட்டு விவசாயத் துறையும் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கிவிட்டன. வந்தனா சிவா உள்ளிட்டோர் வழக்காடி, 2000-ல் ரத்தானது. 2005-ல் அப்பீலும் தள்ளுபடி.

சரி, ஓமச்சாறு பாட்டிலில் வரும்வரை? விருத்தாசலம் பக்கத்துக் கடலைக்காரர்கள் கவனிக்கட்டும். ஈரம் நூற்றுக்கு எட்டுக்குக் கீழே இறங்கும்வரை நன்றாகக் காயவேண்டும். குலுக்கினால் பருப்பு உள்ளே கலகலக்கணும். உடைக்கும்போது பருப்பு நொறுங்காமலிருக்கத் தண்ணீர் தெளிக்கிறார்களே, பூசணத்துக்கு அதுதான் கல்யாண விருந்து! பொறுக்கின சொத்தை செக்குக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம். குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.