"டீச்சர், தண்டாஸ் போகலாமா?"

ஆசிரிய நண்பர்களே, ஒரே பாடவேளையில் ஒரு மாணவன் மூன்று முறை இப்படிக் கேட்டால் என்ன நினைப்பீர்கள்? பங்சாரில் பாடம் நடத்தும் நானும் 'சாக்குச் சொல்றான்' என்றுதான் நினைத்தேன். அவனுக்குக் குரோன் நோய் என்று பிறகுதான் தெரிந்தது.

குரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் குடல் அழற்சி நோயின் இரு முக்கிய வகைகள். பேராக், கிந்தா பள்ளத்தாக்கில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், மலாய்க்காரர், சீனரைவிட இந்தியரிடமே இந்நோய் அதிகம் காணப்பட்டது. அதனால் இது நம் வகுப்பறை விஷயமும்கூட.

ஏன் வருகிறது? நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உண்டு. நோய் எதிர்ப்பு அணுக்கள் அவற்றோடு சமாதானமாக இருக்க வேண்டும். அந்தச் சமாதானம் குலைந்தால் எதிர்ப்பு சக்தி ஓயாமல் சண்டை போடும். குடல் சுவர் புண்ணாகும்.

மரபணுவுக்கும் பங்குண்டு. பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 'நோட் 2' மரபணுவுக்கும் குரோன் நோய்க்கும் உள்ள தொடர்பு 2001இல் தெரியவந்தது. இன்று 200க்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகள் அறியப்பட்டுள்ளன. ஆனால் மரபணு மட்டுமே விதி அல்ல. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்றில்லை. உணவு, புகைபிடித்தல், சூழல் எல்லாம் சேர்ந்தே நோயைத் தூண்டுகின்றன.

இது தொற்றாது, சோம்பேறித்தனமும் அல்ல. நீடித்த வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், எடை குறைவு தெரிந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை மாணவன் கை தூக்கினால், காரணம் கேட்காமல் அனுப்புங்கள்.