கடிகார மாட்யூலில் எந்த பேட்டரி போடலாம்?



அறிவியல் கண்காட்சிக்கு டிஜிட்டல் கடிகாரமோ, தானாக அடிக்கும் பள்ளி மணியோ செய்யப் போறீங்களா? இதைக் கொஞ்சம் படிச்சுட்டுப் போங்க.

கரண்ட் போனால் ஆர்டுயினோ நேரத்தை மறந்துவிடும். நம்ம களமருதூரில் மழை, காற்று என்றால் கேட்கவே வேண்டாம்! அதனால்தான் டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு உள்ள மாட்யூலைச் சேர்க்கிறோம். இதில் உள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கிப் பாருங்க, 1 வரும். அதுதான் ஒரு நொடி! கரண்ட் இல்லாதப்போ பட்டன் பேட்டரி இதை ஓட்டும்.

சிக்கல் எங்கே?

கடையில் அதிகம் கிடைப்பது இசட்எஸ்-042 என்று அச்சிட்ட மாட்யூல். இதில் ஒரு ரெசிஸ்டர், ஒரு டயோடு வழியாக பேட்டரிக்கு எப்போதும் சார்ஜ் போகும். ஆனால் பேட்டரியில் இரண்டு வகை உண்டு.

1. சிஆர்2032: 3 வோல்ட். சார்ஜ் செய்யவே கூடாது. செய்தால் உப்பும், ஒழுகும், வெடிக்கவும் கூடும்.
2. எல்ஐஆர்2032: 3.6 வோல்ட். சார்ஜ் ஏறும். ஆனால் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

பார்க்க ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும்!

எப்படிக் கண்டுபிடிப்பது?

பேட்டரியைக் கழற்றிவிட்டு, மாட்யூலுக்கு 5 வோல்ட் கொடுத்து, பேட்டரி வைக்கும் இடத்தில் மல்டிமீட்டரை வையுங்க. நான் அளந்தபோது நாலரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அப்படியானால் எல்ஐஆருக்கும் இது அதிகம்தானே? சரி, 3.3 வோல்ட் கொடுத்தால்? டயோடில் சுமார் 0.6 போய், மீதி 2.7 வோல்ட்தான். எல்ஐஆர் சார்ஜே ஏறாது. "சார்ஜ் ஆகலையே" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

201 என்று எழுதிய ரெசிஸ்டரையோ, பக்கத்தில் கண்ணாடிக் குழாய் போல இருக்கும் டயோடையோ, ஏதாவது ஒன்றை சால்டரிங் அயர்னால் எடுத்துவிடுங்க. ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்! மறுபடி அளந்து, சார்ஜ் வரவில்லை என்று உறுதி செய்த பிறகு சிஆர்2032 போடுங்க. சில்லு எடுப்பது ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்குதான். சார்ஜ் இல்லாமலே பல வருஷம் ஓடும்.

கழற்றிய பேட்டரியை டேப் ஒட்டி, தம்பி தங்கச்சி கைக்கு எட்டாமல் வையுங்க. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பேட்டரியின் பெயரைப் படி, பிறகு மாட்டு!