கஷாயம்னு நினைச்சுக் குடிச்சிடாதீங்க!

ஒரகடம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன் டிசம்பரில் ஜெர்மனிக்குப் போகிறாரா? நீங்களும் கூடக் கிளம்புகிறீர்களா? செம்பரம்பாக்கம் ஏரிக் காற்றுக்கே மஃப்ளர் தேடுகிறவர்கள் நாம். அங்கே குளிர் பூஜ்யம் டிகிரியைத் தொடும்!

2012-ல் ஒரகடத்தில் திறந்த டைம்லர் லாரி தொழிற்சாலையின் தாய் நிறுவனம் இருப்பது ஸ்டுட்கார்ட் நகரை ஒட்டி. அந்த ஊர் கிறிஸ்துமஸ் சந்தை பற்றி 1692-லேயே குறிப்பு இருக்கிறது. வரிசையாக மரக்கடைகள், சுடச்சுட வறுத்த செஸ்ட்நட், மசாலா மணக்கும் லெப்கூகன் ரொட்டி... அவசியம் பாருங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் உஷார்!

ஆவி பறக்க 'க்ளூவைன்' விற்பார்கள். பட்டை, கிராம்பு வாசனையில் நம்ம வீட்டுக் கஷாயம் மாதிரியே இருக்கும். அது சூடாக்கிய ஒயின்! குடித்ததும் தோலிலுள்ள ரத்தக் குழாய்கள் விரியும், முகம் கதகதக்கும். உண்மையில் உடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

'கிண்டர்பன்ச்' என்று கேளுங்கள். மசாலா போட்ட சூடான பழரசம், மது கிடையாது.

ஒரே தடிக் கோட்டைவிட மூன்றடுக்கு உடை நல்லது. தலைக்குக் குல்லா, காலுக்கு வழுக்காத பூட்ஸ். ஆஸ்துமாக்காரர்கள் மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடிக்கொள்ளட்டும். இன்சுலினைக் கோட்டின் உள்பையில் வையுங்கள். உறைந்துவிட்டால் போடவே கூடாது. நெஞ்சுவலியா? யோசிக்காமல் 112-க்கு போன்!

முன்பணம் வாங்கிக்கொண்டு தரும் அந்தக் கோப்பை அழகாக இருக்கிறதா? திருப்பித் தராமல் ஊருக்குக் கொண்டுவாருங்கள். சுக்குக் காபிக்கு ஆகும்!