ஸ்பெயின் டூரா? முதல்ல காலண்டரைத் திறங்க!

ஸ்பெயினுக்கு வசந்த காலத்துல போறது நல்ல முடிவு. கோடையில் செவில் நகரம் 40 டிகிரியைத் தாண்டும். ஆனா மேப்பைத் திறக்கும் முன்னாடி ஈஸ்டர் தேதியைப் பாருங்க. மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் அது வருஷா வருஷம் மாறும். அதற்கு முந்தைய வாரம் முழுக்க செவில் தெருக்களில் ஊர்வலங்கள். ரூம் வாடகையும் எகிறும். ஊர்வலம் பார்க்கணுமா, பர்ஸைக் காப்பாத்தணுமா? முடிவு பண்ணிக்கோங்க.

அடுத்து, கிரனாடாவின் அல்ஹம்ப்ரா. அங்கே நஸ்ரித் அரண்மனைகளுக்கு டிக்கெட்டிலேயே நுழைவு நேரம் போட்டிருக்கும். அதுவும் சீக்கிரம் தீர்ந்துடும். அந்த டிக்கெட் கிடைக்கிற நாளை வைத்து மத்த ஊர்களை அடுக்குங்க.

வடக்கிலிருந்து தெற்கே இறங்கினா, போன வழியே திரும்ப வேண்டாம்: பார்சிலோனா 4 இரவு, மாட்ரிட் 3, கோர்டோபா 1, செவில் 3, கிரனாடா 3. மொத்தம் 14. ஊர் திரும்ப மாலகாவில் விமானம் ஏறலாம். பார்சிலோனா–மாட்ரிட் 600 கி.மீ.க்கு மேல், அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம்தான். மாட்ரிட்டிலிருந்து டொலேடோவுக்கு ரயிலில் அரை மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பிடலாம், தனி ரூம் தேவையில்லை.

ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வரும்வரை, கேன்சல் பண்ணா பணம் திரும்பி வர்ற ரூம்களை மட்டும் புக் பண்ணுங்க.