கதை படிக்கலாம் வாங்க!



தீர்மான நோட்டு, பாஸ் புத்தகம், கடன் விண்ணப்பம். குழுவில் சேர்ந்த பிறகு நாம் படிப்பது பெரும்பாலும் இவைதான். ஆனால் "ஆசையா ஒரு புத்தகம் படிச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை. பத்தாவது வரை படித்தவர்களுக்கும், 1990-களில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற அக்காமார்களுக்கும் இதே நிலைதான். கல்யாணம், குழந்தை, காட்டு வேலை என்று வந்ததும் புத்தகம் கையை விட்டுப் போய்விடுகிறது.

விட்டால் என்ன நஷ்டம்?

புழங்காத அரிவாள் துருப்பிடிப்பது போல, படிக்காமல் விட்ட படிப்பும் மங்கிப்போகும். எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது, வரியின் கடைசிக்கு வருவதற்குள் ஆரம்பம் மறந்துவிடும். அலுப்பில் தாளை மடித்து வைத்துவிடுவோம். பிறகு வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்று பார்க்காமலே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவோம்.

நிறையப் படித்தால்தான் கண் ஒரு வார்த்தையை முழுசாகப் பிடிக்கும். ஆனால் விண்ணப்பத்தையும் நோட்டீசையும் பக்கம் பக்கமாக யார் படிப்பார்கள்? "அப்புறம் என்ன ஆச்சு?" என்ற ஆசைதான் நம்மை அடுத்த பக்கத்துக்கு இழுக்கும். அதற்குத்தான் நல்ல நாவல் வேண்டும்.

இழுத்துப் போகும் ஒரு கதை

கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' அப்படிப்பட்டது. 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம்.

ஆடிப்பெருக்கு நாளில், வீராணம் ஏரிக்கரையில், வந்தியத்தேவன் என்ற வாலிபன் குதிரையில் வருகிறான். காஞ்சியில் இருக்கும் இளவரசன் கொடுத்த ஓலையைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோக வேண்டும். அன்று ராத்திரி கடம்பூர் மாளிகையில் தங்கும்போது, பெரிய மனிதர்கள் கூடி ரகசியமாகச் சதி பேசுவதைக் கேட்டுவிடுகிறான். அங்கே பிடிக்கிற வேகம்தான்! கையில் எடுத்தவருக்கு அடுப்பில் வைத்த உலை கூட மறந்துபோகும்.

இதில் பெண்கள் சும்மா வந்து போகிறவர்கள் இல்லை. அரசாங்க விஷயத்தில் யோசனை சொல்லும் குந்தவை, மனசில் வஞ்சத்தை வைத்திருக்கும் நந்தினி, கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குத் தனியாகப் படகு ஓட்டும் பூங்குழலி என்று ஒவ்வொருவரும் ஒரு விதம். நந்தினியும் பூங்குழலியும் கற்பனை. குந்தவை நிஜமாக வாழ்ந்தவர். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவர் கொடுத்த கொடைகள் அங்கே கல்வெட்டில் இருக்கின்றன. கதையின் நாயகன்தான் பின்னாளில் அந்தக் கோயிலைக் கட்டிய ராஜராஜன்.

"படம்தான் பார்த்தாச்சே" என்பீர்கள். 2022, 2023-ல் வந்த இரண்டு படங்களும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். புத்தகம் ஐந்து பாகம், 2,000 பக்கத்துக்கு மேல். படத்தில் இடம் கிடைக்காத மனிதர்களும் சம்பவங்களும் நிறைய.

"அவ்வளவு பெரிசா?"

பயப்பட வேண்டாம். மொத்தம் 293 அத்தியாயங்கள். வாராவாரம் வந்த தொடர் என்பதால் ஒவ்வொன்றும் சின்னதுதான். தினம் ஒன்று படித்தால் பத்து மாதத்தில் முடித்துவிடலாம்.

• முதல் பாகம் 'புது வெள்ளம்' மட்டும் எடுங்கள். மற்றது பிறகு.
• புரியாத வார்த்தை வந்தால் நிற்காதீர்கள். கதை போகப்போகத் தானே புரியும்.
• குழுக் கூட்டம் முடிந்ததும் ஒருவர் ஒரு அத்தியாயம் சத்தமாகப் படிக்கட்டும். எழுத்துக்கூட்டும் அக்காவும் கதை கேட்கலாம். அடுத்த வாரம் அவர் ஒரு பக்கம் படிக்கட்டும். யாரும் கேலி பேசக் கூடாது.
• விலை கொடுத்து வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. பக்கத்துக் கிளை நூலகத்தில் கேளுங்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் நாம்தான் கட்டுகிறோம். அந்த நூலகம் நமக்கும் சொந்தம்.
• 40 வயது தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் எழுத்து மங்கும். இது வெள்ளெழுத்து. "எனக்குப் படிப்பு மறந்துபோச்சு" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களில் பலருக்குக் குறை கண்ணில்தான். பரிசோதித்துக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும்.

"நேரம் எங்கேங்க இருக்கு?" என்ற கேள்வி நியாயமானது. நேரமாகக் கிடைக்காது, நாம்தான் ஒதுக்க வேண்டும். வாரச் சந்தாவையும் அப்படித்தானே ஒதுக்குகிறோம்! வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு அரை மணி நேரம் நமக்கே நமக்கென்று இருந்தால் தப்பில்லை. அம்மா படிப்பதைப் பார்க்கிற பிள்ளையும் ஒரு நாள் புத்தகத்தைத் தொடும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சேமிப்புப் பணத்தோடு ஒரு கதைப் புத்தகமும் கொண்டு வாருங்கள்.