முதுகெலும்பைச் சரிபண்ணினால் வீசிங் போகுமா?

போன வாரம் சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணே, பாப்பாவுக்கு வீசிங் விட்டபாடில்ல. முதுகெலும்பைச் சரிபண்ணி ஆஸ்துமாவைப் போக்குறவர் ஒருத்தர் இருக்காராம். பத்து சிட்டிங், அப்புறம் இன்ஹேலரே வேணாமாம். கூட்டிட்டுப் போகட்டுமா?"

"ரெண்டு நாள் டைம் குடுடா"ன்னு சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுகிறவன். ஆனால் ஒரு மாற்றம் வேலை செய்ததா என்று சோதிப்பது என் தினசரி வேலை.

அவர் செய்யும் முறைக்குப் பெயர் கைரோபிராக்டிக். 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் ஊரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது. முள்ளெலும்பு இடம் விலகினால் நரம்பு நசுங்கும், அதனால் உறுப்புகள் கெடும் என்பது அவருடைய கொள்கை. ஆஸ்துமாவில் நடப்பது வேறு. மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி அடைக்கிறது. அந்தத் தசையை இறுக்கும் முக்கிய நரம்பான வேகஸ் மண்டையோட்டிலிருந்து நேராக இறங்குகிறது. முள்ளெலும்புகளுக்கு நடுவே அது வெளிவருவதே இல்லை.

சரி, தியரி தப்பாக இருந்தும் பலன் இருக்கலாமே? அதையும் சோதித்திருக்கிறார்கள். 1998-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த கனடா ஆய்வு இது. வழக்கமான மருந்து எடுத்தும் தொந்தரவு தீராத 91 குழந்தைகளைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ சிகிச்சை, மீதிப் பேருக்கு அதுபோலவே தோன்றும் போலி சிகிச்சை. மருந்தை யாரும் நிறுத்தவில்லை. நாலு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் தொந்தரவு குறைந்திருந்தது! ஆனால் நிஜத்துக்கும் போலிக்கும் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை. போலி குழு இல்லாமல் செய்திருந்தால், "குணமாகிறது" என்றே எழுதியிருப்பார்கள்.

2011-ல் அதே இதழில் வந்த இன்னொரு ஆய்வுதான் என்னைப் பயமுறுத்தியது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கு நிஜ இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், போலி அக்குபங்சர், ஒன்றுமே தராமல் விடுவது என்று நாலையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். "எவ்வளவு தேவலை?" என்று கேட்டால் நிஜ இன்ஹேலருக்கு 50%, போலி இரண்டுக்கும் 45, 46%. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றை அளந்தால் நிஜ மருந்தில் 20% கூடியது, மற்ற மூன்றிலும் 7% அளவுதான்.

அதாவது, நுரையீரல் திறக்காமலே "நல்லாயிருக்கு" என்று தோன்றலாம். முதுகு வலியில் தோன்றினால் போதும். வலியே ஒரு உணர்வுதானே. ஆஸ்துமாவில் அந்த நம்பிக்கையில் மருந்தை விட்டுவிட்டால், ஒரு ராத்திரி மூச்சு திணறும்போது ஆஸ்பத்திரி போய்ச்சேர நேரம் இருக்காது. ஹைதராபாத்தில் வருஷா வருஷம் விரால் குஞ்சை விழுங்க வைக்கும் மீன் மருந்துக்கும் நான் கேட்பது இதே கேள்விதான்: அளந்து பார்த்தீர்களா?

தம்பியிடம் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, தினமும் எடுக்கிற தடுப்பு இன்ஹேலரை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே; "பழகிடும்" என்பது வெறும் பயம். இரண்டு, ஸ்பேசர் வைத்துச் சரியாக இழுக்கிறாளா என்று டாக்டர் முன்னாடியே செய்து காட்டச் சொல். மூன்று, ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கு. காலையும் மாலையும் மூணு தடவை ஊதி, அதிகமானதை நோட்டில் எழுது. பஞ்சுத்தூசி, ஊதுபத்தி, கொசுவத்தி எதில் எண் இறங்குகிறது என்று தெரியும்.

"அப்போ அந்த பத்து சிட்டிங்?" என்றான்.

"அந்தக் காசுல மீட்டரை வாங்குடா"ன்னேன். நேற்று முதல் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான்.